சில் மாற்றிய எம்ஜிபி ரோட்ஸ்டரில் கதவு உட்காரவில்லை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

திறந்தகூரை எழுதியது:

வணக்கம். வண்டி எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டு பக்கமும் சில் (கதவுக்கு அடியில நீளமா ஓடுற பெட்டி மாதிரி பகுதி), அதாவது உள் சில், நடுத்தகடு, வெளி சில் எல்லாம் புதுசா வெல்டிங் ஆயிருச்சு. எஞ்சின், கியர்பாக்ஸ் வெளியே இருக்கு. பாடி நாலு ஸ்டாண்டில் நிக்குது. கதவுகள் இந்த வண்டியோட பழைய கதவுகள்தான், கண்ணாடியும் லாக்கும் கழட்டி வெறும் கூடா இருக்கு. முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல வர்ற பக்கத் தகடு) நாலு போல்ட்டில் தற்காலிகமா மாட்டியிருக்கு.

வலது கதவு: பின் கேப் (கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) மேலே 2 மி.மீ., கீழே 7. முன் கேப் மேலேயும் கீழேயும் 5. பக்கவாட்டுக் கோடு (தகட்டுல முன்னேயிருந்து பின்னே வரை ஓடுற கோடு) பின் ஃபெண்டரோடு 1 மி.மீ.க்குள்ள நேரா வருது.

இடது கதவு: பின் கேப் மேலே 3, கீழே 6.5. முன் கேப் மேலே 7.5, கீழே 4. பக்கவாட்டுக் கோடு பின்னால 6 மி.மீ. இறங்கி நிக்குது. பின் கீழ் மூலை சில்லுல உரசுது.

ரெண்டு பக்கமும் பின்னால மேல் பகுதி இறுக்கம். ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்தானா? கீலைத் தளர்த்தித் தூக்கி மாட்டினாப் போதுமா?

---

தகடும்டாலியும் எழுதியது:

நல்ல வேளை, முன் கேப் அளவையும் சேர்த்துக் கொடுத்தீங்க. பெரும்பாலோர் பின் கேப்பை மட்டும் சொல்லிவிட்டுக் கதவு தொங்குதுன்னு முடிவு கட்டிடுவாங்க. உங்க ரெண்டு பக்கமும் பின்னாலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிகிறது, ஆனால் நோய் வேறு வேறு.

ஒரு கதவு பின்பக்கம் தொங்கினால் அது ஒரே துண்டாகச் சுழல்கிறது. மேல் பகுதி பின்னோக்கிப் போகும், கீழ்ப் பகுதி முன்னோக்கி வரும். அதனால் பின் கேப்பில் மேல் இறுகும், முன் கேப்பில் மேல் விரியும். இரண்டு கேப்பும் ஒரே அளவு சாயும். உங்க இடது கதவில் பின் கேப்பின் வித்தியாசம் 3.5, முன் கேப்பின் வித்தியாசமும் 3.5, கோடும் இறங்கியிருக்கு. அது கதவுத் தொங்கல். வாசல் சரியாக இருக்கிறது.

வலது பக்கம் அப்படி இல்லை. முன் கேப் மேலும் கீழும் 5, கோடு நேராக இருக்கு. ஆக, கதவு முன் தூணுக்கு (கீல் மாட்டும் தூண்) இணையாகவே தொங்குகிறது. பின் தூண் மட்டும் முன்னோக்கிச் சாய்ந்து வருகிறது. வாசல் மேலே மூடிவிட்டது. சுமார் 500 மி.மீ. உயரத்தில் 5 மி.மீ. சாய்வு. இதைக் கீலில் சரி செய்யவே முடியாது. கதவைத் தூக்கி மாட்டினால் பின் மேல் கேப் விரியும், ஆனால் முன் மேல் மூலை ஃபெண்டரில் போய் முட்டும், கோடும் மேலே ஏறிவிடும்.

அதனால் இப்போதைக்கு வலது பக்கக் கீலில் கை வைக்காதீங்க. முதலில் பாடி எதன் மேல் நிற்கிறது என்று சொல்லுங்க. ஸ்டாண்ட் எங்கே வைத்திருக்கீங்க? நான்கு ஸ்டாண்டின் தலையும் ஒரே மட்டமா?

---

திறந்தகூரை எழுதியது:

முன்னால ரெண்டு ஸ்டாண்ட் கிராஸ்மெம்பர் (முன் குறுக்குச் சட்டம்) போல்ட் ஆகிற இடத்துல. பின்னால ரெண்டும் பம்பருக்குக் கிட்ட, சட்டத்தோட கடைசியில. மட்டம் பார்க்கலை. வெல்டிங் பண்ணும்போது வாசல்ல முட்டுக் கொடுக்கலை, கதவும் மாட்டலை.

---

வெல்ட்வரிசை எழுதியது:

அப்போ காரணம் கிடைத்துவிட்டது. ரோட்ஸ்டரில் கூரை இல்லை. கூபேயில் கூரையும் சில்லும் சேர்ந்து சுமையைத் தாங்கும், இதில் சில்லும் நடுச் சுரங்கமும் (தரையின் நடுவில் நீளமாக உயர்ந்திருக்கும் பகுதி)தான் முன்னையும் பின்னையும் கட்டிப் பிடிக்கின்றன. பழைய சில்லை வெட்டி எடுத்த நிமிடத்திலிருந்து பாடி நடுவில் தொய்யத் தயாராக இருக்கும். இரு கோடியிலும் தாங்கி நடுவை விட்டால் தொய்வு அதிகம். நடு இறங்கினால் இரண்டு தூண்களின் தலையும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும், வாசல் மேலே மூடும்.

வெல்டிங்கின் பங்கும் உண்டு. வெல்ட் ஆறும்போது சுருங்கும். சில்லின் மேல் விளிம்பை நீளமாக ஒரே ஓட்டத்தில் வெல்ட் செய்தால் மேல் பக்கம் குட்டையாகி, சில்லின் இரு முனையும் மேலே வளையும். அதுவும் வாசலை மேலே மூடும். கீழ் விளிம்பை மட்டும் சூடாக்கினால் நேர் எதிர். வலது பக்கம் சாய்ந்து இடது பக்கம் தப்பியதற்கு வெல்ட் வரிசையில் வந்த வித்தியாசம் போதும். அதற்காகத்தான் 20, 25 மி.மீ. துண்டுகளாக, மேல் ஒன்று கீழ் ஒன்று, முன் ஒன்று பின் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு, கை வைத்தால் சுடாத அளவு ஆறவிட்டுப் போடணும்.

இப்போ செய்ய வேண்டியது: ஸ்டாண்டை இடம் மாற்றுங்க. முன்னால் இருப்பது சரி. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் முன் முனை பாடியில் சேரும் இடத்துக்குக் கொண்டு வாங்க. சாலையில் சுமை உண்மையில் பாடிக்குள் போகும் இடங்கள் இவைதான். பிறகு நீர்மட்டக் குழாய் வைத்து நான்கு தாங்கும் புள்ளிகளையும் பாருங்க. முன் ஜோடி தங்களுக்குள் 1 மி.மீ.க்குள், பின் ஜோடி தங்களுக்குள் 1 மி.மீ.க்குள் இருக்கணும். முன் ஜோடி ஒரு பக்கம் சாய்ந்து பின் ஜோடி மறு பக்கம் சாய்ந்தால் பாடி முறுக்கிக்கொள்ளும், பிறகு கதவு மட்டம் எவ்வளவு பார்த்தாலும் பொய்தான்.

அதன் பிறகு குறுக்கு அளவுகள். மேல் கீல் போல்ட் மையத்திலிருந்து வாசலின் பின் கீழ் மூலைக்கு ஒன்று, கீழ் கீல் போல்ட் மையத்திலிருந்து ஸ்ட்ரைக்கரின் (பின் தூணில் கதவு லாக் கவ்வும் துண்டு) மேல் போல்ட்டுக்கு ஒன்று. இடதில் எடுத்த அதே இரண்டையும் வலதில் எடுங்க. வண்டிக்குக் குறுக்காகவும் எடுங்க: இடது முன் தூண் தலையிலிருந்து வலது பின் தூண் தலை, வலதிலிருந்து இடது. டேப் தொய்ந்து ஏமாற்றும், இரண்டு முனையிலும் கூர் வைத்த இரும்புக் கம்பியில் அளப்பது நல்லது.

---

பழையஇரும்பு எழுதியது:

இவ்வளவு தேவையா? 5 மி.மீ.தானே. வாசலில் ஹைட்ராலிக் ஜாக்கியைப் படுக்க வைத்து முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவில் மேலே தள்ளினால் திறந்துவிடும். பல இடங்களில் இப்படித்தான் நடக்குது. சில்லை மறுபடி வெட்டுவது வீண் வேலை.

---

வெல்ட்வரிசை எழுதியது:

சில் மூடாத பாடியில் நீங்கள் சொல்வது வேலை செய்யும். இங்கே உள் சில், நடுத்தகடு, வெளி சில் மூன்றும் மூடிய பெட்டியாகிவிட்டன. அந்தப் பெட்டியை வளைக்கும் விசை கொடுத்தால் முதலில் வளைவது பெட்டி அல்ல, தூணின் அடி. முன் தூண் அடியில் தகடு சுருங்கும், ஸ்பாட் வெல்ட் கிழியும். ஜாக்கி இருக்கும்வரை கேப் அழகாக இருக்கும், எடுத்ததும் பாதி திரும்பி வரும். திரும்பாமல் நின்றது எல்லாம் தூணின் வளைவு, அதாவது கீல் உட்காரும் முகம் கோணலாகிவிட்டது என்று அர்த்தம்.

வெட்டுவது நீங்கள் நினைக்கும் அளவு பெரிய வேலை இல்லை. வாசல் நீளத்துக்கு மட்டும் வெளி சில்லின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் வெல்டுகளைத் திறந்தால் போதும். 8 மி.மீ. ஸ்பாட் வெல்ட் கட்டர், மேல் தகடு மட்டும் துளையாகணும், அடித் தகட்டைத் தொடக்கூடாது. இரு முனைகளிலும் ஃபெண்டருக்கு அடியில் போகும் பகுதியை விட்டுவிடலாம். பெட்டி திறந்ததும் அதன் விறைப்பு பெரும்பகுதி போய்விடும்.

பிறகு முட்டு. 25க்கு 25, 2 மி.மீ. தடிமன் சதுரக் குழாய், நடுவில் டர்ன்பக்கிள் (சுற்றினால் நீளும் இணைப்பு) அல்லது இடம்புரி வலம்புரி மரையுள்ள கம்பி. ஒரு முனை முன் தூணில், மறு முனை சீட் பெல்ட் போல்ட் துளையில். குழாய் கதவுக்கு உட்பக்கமாகப் போகணும், கதவு மாட்டி மூடித் திறக்க இடம் வேண்டும். இதை வெல்ட் செய்யாமல் போல்ட்டில் மாட்டுங்க. இரண்டு பக்க முட்டுகளையும் இணைத்துக் குறுக்கே ஒரு குழாய்.

டர்ன்பக்கிளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறங்க. கூடவே சில்லின் நடுவுக்கு அடியில் ஒரு மீட்டர் நீள மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெதுவாக மேலே கொடுங்க. மேலே தள்ளுவதும் கீழே தூக்குவதும் சேர்ந்து நடந்தால்தான் தூண் வளையாமல் முழு வாசலும் திறக்கும். கதவை மாட்டிய நிலையிலேயே இதைச் செய்யணும், கதவுதான் இங்கே அளவுகோல். பின் கேப் மேலே 5, கீழே 4.5 வந்ததும் நிறுத்தி 6 இடங்களில் டாக் (தற்காலிகச் சிறு வெல்ட்) போட்டு, முட்டைத் தளர்த்தி, ஜாக்கியை இறக்கி, மறுபடி அளங்க. நகர்ந்தால் டாக்கை வெட்டி இன்னும் கொஞ்சம் அதிகம் திறந்து மறுபடி டாக். நகராத வரைக்கும் முழு வெல்ட் கிடையாது.

---

பழையஇரும்பு எழுதியது:

பெட்டி மூடிவிட்டது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நிலையில் வெட்டுவதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சேர்க்கை: மேல் கேப்பைக் கீழை விட அரை மி.மீ. அதிகமாக விட்டது நல்ல யோசனை. ஆள் உட்கார்ந்து வண்டி ஓடும்போது ரோட்ஸ்டர் மூடுகிற பக்கமாகத்தான் அசையும்.

---

கீல்முள் எழுதியது:

இடது கதவுக்கு வருவோம். அங்கே கேள்வி ஒன்றுதான்: கீல் இடம் மாறியதா, கீல் தேய்ந்ததா?

கதவைப் பாதி திறந்து பின் விளிம்பைக் கையால் மேலே தூக்குங்க, கண் கீலில் இருக்கட்டும். கீலின் இரண்டு இலைகளுக்கும் (தூணிலும் கதவிலும் மாட்டும் தகடுகள்) நடுவில் அசைவு தெரிந்தால், அவற்றைக் கோர்க்கும் அச்சாணியான கீல் பின்னில் (pin) தேய்மானம். இலையோடு சேர்ந்து தூணின் தகடே அசைந்தால் தூணில் விரிசல் அல்லது உள்ளே இருக்கும் மரைத் தகடு துருப்பிடித்துவிட்டது. எதுவும் அசையாமல் கதவு இறங்கியே இருந்தால் மாட்டிய இடம் தவறு.

கணக்கு இப்படி: கீல்களுக்கு நடுவே 300 மி.மீ., கீலிலிருந்து பின் விளிம்புக்கு 900 என்று வைத்துக்கொண்டால் மூன்று மடங்கு பெருக்கம். மேல் கீலில் 1 மி.மீ. தேய்மானம், கீழ் கீலில் 1 மி.மீ. என்றால் கதவின் எடை மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ் கீலை உள்ளே தள்ளும், இரண்டும் சேர்ந்து 2 மி.மீ., பின்னால் 6 மி.மீ. இறக்கம். உங்க அளவு அச்சாக அதுதான். அதனால் முதல் சந்தேகம் கீல் பின்னின் மேல்.

ஷிம் (கீல் இலைக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) வைத்து இதை மறைக்கலாம், ஆனால் வேண்டாம். தேய்ந்த பின்னோடு ஷிம் வைத்த கதவு மூடியிருக்கும்போது ஸ்ட்ரைக்கர் மேல் ஏறி உட்கார்ந்து நேராகத் தெரியும், திறந்ததும் விழும். லாக்கின் நாக்கும் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து தேயும்.

கீலைக் கழற்றி, பின்னைத் தட்டி எடுத்து, துளையை ரீமர் போட்டு வட்டமாக்குங்க. பழைய பின்னை விட அரை அல்லது 1 மி.மீ. பெரிய பின் போடலாம். துளை முட்டை வடிவத்தில் மிகவும் தேய்ந்திருந்தால் பெரிதாக்கி கன்மெட்டல் புஷ் (உலோக உள்வளையம்) அடித்து, புஷ்ஷை அசல் பின் அளவுக்கு ரீம் செய்வது இன்னும் நல்லது. பின்னை ஒரு இலையில் இறுக்கமாகவும் இன்னொன்றில் சுழலும்படியும் பொருத்தணும். இரண்டிலும் இறுக்கம் இருந்தால் கதவு கடிக்கும், பிறகு பலத்தைத் தூண் தகடு வாங்கும்.

பழைய கீல் திருகு கழலவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரில் மல்லுக்கட்டித் தலையைக் கெடுக்காதீங்க. முதல் நாளே ஊடுருவும் எண்ணெய், மறுநாள் இம்பாக்ட் டிரைவர், சுத்தியல்.

---

திறந்தகூரை எழுதியது:

இடது மேல் கீலில் அசைவு கண்ணுக்கே தெரியுது, கீல் பின்தான். சரி, அந்தப் பின்னை மாத்தின பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தா, எந்தப் பக்கம் தளர்த்தணும்? தூண் பக்கமா, கதவு பக்கமா? ஷிம் எப்போ?

---

கீல்முள் எழுதியது:

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இலை உட்காரும் முகத்தைப் பாருங்க. ஒரு இலை தன் முகத்தின் மேல் மட்டும்தான் வழுக்க முடியும், முகத்துக்குச் செங்குத்தாக நகர ஷிம்தான் வழி.

பின்னோக்கிப் பார்க்கும் முகத்தில் இலை உட்கார்ந்தால், அங்கே தளர்த்தி மேலே கீழே, உள்ளே வெளியே நகர்த்தலாம். முன்னே பின்னே நகர்த்த ஷிம். பக்கவாட்டைப் பார்க்கும் முகம் என்றால் மேலே கீழே, முன்னே பின்னே வழுக்கும், உள்ளே வெளியே நகர்த்த ஷிம். உங்க கீலில் தூண் பக்க இலையும் கதவு பக்க இலையும் எந்த முகத்தில் இருக்கின்றன என்று பார்த்தாலே எது எதற்கு என்று தெரிந்துவிடும்.

ஷிம்மின் விளைவு: கீழ் கீலுக்குப் பின்னால் 0.5 மி.மீ. வைத்தால் கதவின் அடி பின்னோக்கிப் போகும், பின் விளிம்பு 1.5 மி.மீ. ஏறும். மேல் கீலில் வைத்தால் அதே அளவு இறங்கும். இரண்டிலும் வைத்தால் கதவு சாயாமல் மொத்தமாகப் பின்னே போகும். 0.5, 1 என்று இரண்டு தடிமனில் வெட்டி வைத்துக்கொள்ளுங்க. போல்ட் துளையைச் சுற்றி முழுத் துண்டாக இருக்கட்டும், வாஷர் வைத்தால் இலை அதன் மேல் மட்டும் தாங்கி வளையும்.

ஒரு நேரத்தில் ஒரு கீல். இரண்டையும் தளர்த்திவிட்டால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதே தெரியாது. தளர்த்தும் கீலில் ஒரு போல்ட்டை அரை இறுக்கத்தில் விட்டு, கதவுக்கு அடியில் துணி சுற்றிய மரக்கட்டையுடன் ஜாக்கியை வைத்து அழுத்தி நகர்த்துங்க. இலையைச் சுற்றி ஊசியால் கோடு கிழித்துக்கொண்டால் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியும்.

---

டிஆர்சட்டம் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கணும். டிரையம்ஃப் டிஆர்6க்கும் இதே வழியா? சட்டம் தனி, பாடி தனி. வலது கதவு மேலே பின்னால் இறுக்கம், முன் கேப் நேர்.

---

தகடும்டாலியும் எழுதியது:

நோயை அறியும் முறை அதேதான். வைத்தியத்தில் உங்களுக்கு ஒரு வசதி கூடுதல்: பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் தகடுகள். கதவு வாசலுக்கு நடுப்பகுதியைத் தாங்கும் கிளைச் சட்டத்தின் (முக்கியச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கை) மேல் தகடு கூட்டினால் பாடியின் நடு உயரும், வாசல் மேலே திறக்கும். முன் கோடியிலோ பின் கோடியிலோ கூட்டினால் அந்தக் கோடி உயர்ந்து தூண் வாசலுக்குள் சாயும், மேலே மூடும். அதனால் உங்களுக்கு நடுவில் கூட்டணும் அல்லது கோடியில் குறைக்கணும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, ஒவ்வொரு முறையும் எல்லா பாடி போல்ட்டையும் இறுக்கிய பிறகுதான் அளக்கணும், தளர்ந்த போல்ட்டில் எடுத்த கேப் எதற்கும் உதவாது. இரண்டாவது, சட்டமே வளைந்திருந்தால் தகடு அடுக்கி மறைக்கக்கூடாது. ஒரே இடத்தில் தகடு அடுக்கு ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி, சட்டத்தை அளங்க. டிஆர் வண்டிகளின் கிளைச் சட்டங்கள் துருவில் பலவீனமாகி இறங்குவது சகஜம்.

---

திறந்தகூரை எழுதியது:

வலது சில் திறந்து, முட்டு போட்டு, மறுபடி டாக் போட்டாச்சு. பின் கேப் மேலே 5, கீழே 4.5. முட்டைத் தளர்த்தினதும் மேலே 4.8. இடது கீலுக்கு 0.5 பெரிய பின். கோடு இப்போ 1 மி.மீ. தாழ்வு, கீழ் கீலில் ஒரு ஷிம் வெச்சதும் அரை மி.மீ. ஏறி நிக்குது.

புது பிரச்சினை: லாக்கை மட்டும் மாட்டிப் பார்த்தா, வலது கதவு மேலே பின்னால ஃபெண்டரோட மட்டம், முன்னால மேலும் கீழும் மட்டம், ஆனா பின் கீழ் மூலை 4 மி.மீ. வெளியே நிக்குது. ஸ்ட்ரைக்கரை உள்ளே தள்ளினா மேல் பகுதி உள்ளே போயிடுது, கீழே அப்படியே இருக்கு.

---

தகடும்டாலியும் எழுதியது:

இடது அரை மி.மீ. ஏற்றத்தில் நிற்பது நல்லது, அப்படியே விடுங்க. கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், லாக் எல்லாம் ஏறினால் கதவு கனக்கும், வெறும் கூட்டை 1 மி.மீ. வரை உயர்த்தி வைப்பது வழக்கம். இன்னும் சரியாகப் பார்க்கணும் என்றால் கழற்றிய பாகங்களை எடை போட்டு, அதே எடை மணல் பையைக் கதவுக்குள் வைத்து அளங்க.

இப்போ வலது மூலை. கதவுக்கு நான்கு மூலை, பிடிமானம் மூன்றுதான்: மேல் கீல், கீழ் கீல், லாக். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடும். நான்காவது மூலை எங்கே நிற்கும் என்பதைக் கீலோ ஸ்ட்ரைக்கரோ சொல்ல முடியாது, கதவின் முறுக்கம்தான் சொல்லும். லாக் பின் விளிம்பின் மேல் பாதியில் இருப்பதால் அந்த அனாதை மூலை எப்போதும் பின் கீழ் மூலைதான். மூன்று புள்ளியும் மட்டமாக இருக்கும்போது நான்காவது மட்டும் தள்ளி நின்றால், கீலைத் தொட்டு நல்ல மூன்றைக் கெடுக்காதீங்க. கதவை முறுக்கணும்.

அதற்கு முன் ஒரு சோதனை: பீடிங் (வாசலைச் சுற்றி வரும் ரப்பர்) எதுவும் மாட்டவில்லையே? அந்த மூலையில் புது சில்லின் மடிப்பு உயர்ந்து கதவின் உள் தகட்டைத் தள்ளுகிறதா? மடிப்பின் மேல் மாடலிங் களிமண் உருட்டி வைத்து மூடித் திறங்க. களிமண் நசுங்கி ஒன்றுமில்லாமல் போயிருந்தால் பிரச்சினை மடிப்பில், கதவில் அல்ல.

அங்கே இடம் இருந்தால் முறுக்கலாம். லாக் உயரத்தில், கதவுக்கும் பின் தூணுக்கும் நடுவில் துணி சுற்றிய மென்மரக் கட்டை. கதவை அதன் மேல் மூடிப் பிடித்து, கீழ் மூலையை முழங்காலால் உள்ளே அழுத்துங்க. ஈரத் துணியைப் பிழிவது போல் சீரான அழுத்தம், குத்தோ அடியோ வேண்டாம். கதவு எவ்வளவு போகிறதோ அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும், மிச்சம்தான் உங்களுக்குக் கிடைக்கும். ஒரு அழுத்தத்துக்கு அரை மி.மீ. கிடைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் கட்டையை எடுத்துவிட்டுப் பாருங்க. மூலை உள்ளே போய்விட்டிருந்தால் கட்டையைக் கீழே வைத்து மேலே அழுத்தணும்.

இதை பட்டியும் பெயின்டும் இல்லாத நிலையில் செய்துவிடுங்க. பட்டி போட்ட கதவை முறுக்கினால் விரிசல் உடனே தெரியாது, பெயின்ட் ஆன பிறகு தெரியும்.

---

மடிப்புக்கை எழுதியது:

கதவின் வெளித்தகடு மாற்றப்போகிறவர்களுக்கு இங்கே ஒரு முக்கிய விஷயம். புதுத் தகட்டின் விளிம்பைக் கதவுக் கூட்டின் மேல் மடித்துவிட்டால் கதவின் முறுக்கம் அப்படியே பூட்டிக்கொள்ளும், பிறகு மேலே சொன்ன முழங்கால் வேலைக்குக் கதவு எளிதில் அசையாது. அதனால் புதுத் தகட்டை கதவுக் கூட்டின் மேல் வைத்து, கிளாம்பில் பிடித்து, இரண்டு மூன்று இடங்களில் விளிம்பை லேசாக மட்டும் மடித்து, கதவை வண்டியில் மாட்டிப் பாருங்க. முன், பின், கீழ் மூன்று கேப்பும் நான்கு மூலை மட்டமும் சரியான பிறகுதான் முழு மடிப்பு.

மடிப்பு மூன்று சுற்றில்: முதல் சுற்றில் 45 டிகிரி வரை, அடுத்ததில் இன்னும் கொஞ்சம், கடைசியில் தட்டையாக. வெளியே டாலி (சுத்தியல் அடிக்கு எதிரே பிடிக்கும் இரும்புக் கட்டை) எப்போதும் விளிம்பை ஒட்டியே இருக்கட்டும், விலகினால் தகட்டில் அலை எழும். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போகாதீங்க, சுற்றிச் சுற்றி வாங்க. மடிப்புக்குள் போகும் இடத்தில் இருபுறமும் எபாக்சி பிரைமர் முதலிலேயே வேண்டும், பிறகு பிரஷ் போகாது.

விளிம்பை அரைத்துக் கேப் கூட்டுவதைப் பலரும் சுலபமான வழி என்று சொல்கிறார்கள். வெளித்தகடு சுமார் 0.9 மி.மீ.தான். மடிப்பின் வளைவை அரைத்தால் தகடு இரண்டாகப் பிரிந்துவிடும், பிடிமானம் பட்டியில் மட்டும் நிற்கும். அரைத்தே ஆகணும் என்றால் பிரிந்த விளிம்பைப் புள்ளிப் புள்ளியாக வெல்ட் செய்து சேர்த்த பிறகு அரம். கேப் அதிகமான இடத்தில் விளிம்பில் வெல்ட் வைத்து 1, 1.5 மி.மீ. வளர்க்கலாம், இடம் விட்டு இடம் வைத்து ஆறவிட்டு. பட்டியால் விளிம்பை வளர்க்கவே கூடாது. கதவு விளிம்பு சுவரில் ஒரு தட்டு வாங்கினால் போதும், துண்டாகப் பெயரும்.

எம்ஜிபிக்கு இன்னொன்று: குவார்ட்டர் லைட்டின் (கதவின் முன் மூலையில் உள்ள சிறு கண்ணாடி) கால் இறங்கும் இடத்துக்குக் கீழே கதவின் வெளித்தகட்டில் விரிசல் வருவது பேர்போன குறை. இப்போதே பாருங்க. விரிசல் முனையில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, வெல்ட் செய்து, உட்பக்கம் சிறு தகடு கொடுத்து வலுவாக்கலாம்.

---

திறந்தகூரை எழுதியது:

களிமண் வெச்சுப் பார்த்தேன், மடிப்பு தொடலை. முறுக்கினதுல மூலை இப்போ 1 மி.மீ.க்குள்ள வந்துருச்சு. அடுத்து முன் ஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், பீடிங். எது முதல்ல?

---

கீல்முள் எழுதியது:

ஸ்ட்ரைக்கர் முதலில். ஆனால் அதைக் கழற்றிவிட்டு ஆரம்பிங்க. ஸ்ட்ரைக்கர் இல்லாமல் கதவைத் தள்ளி மூடினால் கதவு தன் உயரத்தில் தானே நிற்கணும். லாக்கின் வாயில் கிரீஸ் தடவி மூடினால் தூணில் அது படும் இடம் பதியும், ஸ்ட்ரைக்கரின் மையம் அங்கே வரணும். மாட்டிய பிறகு மெதுவாக மூடும்போது கடைசி சென்டிமீட்டரில் கதவு ஏறுவதோ இறங்குவதோ இருக்கக்கூடாது. ஏறினால் ஸ்ட்ரைக்கர் கதவைச் சுமக்கிறது. ஸ்ட்ரைக்கரின் வேலை உள்ளே இழுப்பது, தூக்குவது இல்லை. சில பழைய திறந்த வண்டிகளில் கதவைத் தாங்கத் தனியாக ஆப்பு வடிவத் துண்டு உண்டு, அதையும் கடைசியில்தான் மாட்டணும்.

லாக் இரண்டு படியில் விழணும். முதல் படி பாதுகாப்புக்கு. இரண்டாவதில் கதவு மட்டம். இரண்டு கிளிக்கும் காதில் விழும்வரை ஸ்ட்ரைக்கரை உள்ளே தள்ளாதீங்க.

---

தகடும்டாலியும் எழுதியது:

அடுத்து முன் ஃபெண்டர். எம்ஜிபியில் பின் ஃபெண்டர் வெல்ட் ஆனது, அசையாது. முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது. அதனால் எப்போதும் பின்னிருந்து முன்: கதவைப் பின் ஃபெண்டருக்கும் சில்லுக்கும் பொருத்தி, பிறகு முன் ஃபெண்டரைக் கதவுக்குப் பொருத்தணும். முன்னிருந்து ஆரம்பித்தால் எல்லாப் பிழையும் அசைக்க முடியாத பின் ஃபெண்டரில் போய்ச் சேரும்.

முன் கேப்பைக் கதவு மூடிய நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. கதவு திறக்கும்போது முன் விளிம்பு உள்பக்கமாகச் சுழன்று ஃபெண்டரின் உதட்டைக் கடந்து போகும். ஃபெண்டர் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி மெதுவாக முழுசாகத் திறங்க. மட்டம்: கதவின் முன் விளிம்பு ஃபெண்டரை விட அரை மி.மீ. உள்ளே, பின் ஃபெண்டர் கதவின் பின் விளிம்பை விட அரை மி.மீ. உள்ளே. எதிர்க்காற்று எந்த விளிம்பிலும் முட்டக்கூடாது.

கேப் அளவு: நீங்க 4.5, 5 வைத்திருப்பது வெறும் தகட்டுக்குச் சரி. எபாக்சி, ஹைபில்ட் பிரைமர், பெயின்ட், கிளியர் எல்லாம் சேர்ந்து ஒரு முகத்துக்குக் கால் மி.மீ. அளவு ஏறும். எதிரெதிர் விளிம்பு இரண்டு, ஆக அரை மி.மீ. குறையும். இப்போ 4 வைத்தால் முடிவில் 3.5 ஆகிவிடும், அது ரோட்ஸ்டருக்கு நெருக்கம்.

பீடிங் கடைசி. புதிதாக வரும் பீடிங் பழையதை விட விறைப்பாக இருப்பது வழக்கம். மாட்டியதும் கதவு மூடாது, கோடு போன மாதிரி தெரியும். அப்போது கீலையும் ஸ்ட்ரைக்கரையும் தொடாதீங்க, பீடிங் இல்லாமல் வைத்த மட்டம்தான் உண்மை. களிமண்ணை வாசல் முழுக்க வைத்து மூடி, ஒவ்வொரு சாணுக்கும் தடிமன் எடுங்க. பீடிங் தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்கினால் நல்லது. ஒரு இடத்தில் மட்டும் நெருக்கம் என்றால் அங்கே மடிப்பைத் தட்டிச் சரி செய்யணும். சுற்றிலும் நெருக்கம் என்றால் பீடிங் தவறானது, வேறு வாங்குங்க. ஓரளவு நெருக்கம் என்றால் லாக்கின் முதல் படியில் மூடிச் சில நாள் விட்டாலே ரப்பர் இறங்கிவிடும்.

---

வெல்ட்வரிசை எழுதியது:

பெயின்டுக்குக் கதவைக் கழற்றுமுன் ஒன்று செய்துவிடுங்க. எல்லா அளவும் சரியாக, போல்ட்டெல்லாம் இறுகி இருக்கும்போது, ஒவ்வொரு கீல் இலையிலும் தூண் வரை ஊடுருவ 3 மி.மீ. துளை இரண்டு, குறுக்கு மூலைகளில். கதவு பக்க இலைகளிலும் அப்படியே. திரும்ப மாட்டும்போது 3 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை அந்தத் துளைகளில் செருகிவிட்டுப் போல்ட்டை இறுக்கினால் கதவு பழைய இடத்தில் அப்படியே வந்து நிற்கும், புதுப் பெயின்ட் பக்கத்தில் ஜாக்கியும் மரக்கட்டையும் வைத்துப் போராட வேண்டாம். ஷிம்களை அந்தந்தக் கீலோடு கம்பியில் கட்டி, இடது மேல், இடது கீழ் என்று எழுதி வைங்க. பெயின்ட் அடிப்பவரிடம் துளைகளை அடைக்கச் சொல்லாதீங்க, மாஸ்கிங் போடச் சொல்லுங்க.

பெயின்டுக்கு முன்பே எஞ்சின் ஏறி, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு நான்கு கேப்பையும் மறுபடி எழுதிக்கொள்ளுங்க. பிறகு முன் பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதே பக்கக் கதவைத் திறந்து மூடுங்க. புது சில் சரியாக உட்கார்ந்திருந்தால் கேப்பில் அசைவு தெரியாது. தெரிந்தால் பெயின்டுக்கு அனுப்பாமல் வலது சில்லின் டாக், முழு வெல்ட் எல்லாவற்றையும் மறுபடி பாருங்க.